பூச்சுக்காரர் வந்த சனிக்கிழமை

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, புதுக் கார் ஷெட்டுக்குள் மூன்று போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இந்த வாரமும் சனிக்கிழமைவரை அது எழுந்திருக்கவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்பவள். விழுந்தவர்களை நிற்க வைப்பதும் நின்றவர்களை நடக்க வைப்பதும் அவள் வேலை. நோயாளிகள் பயிற்சியம்மா என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். மூன்றாவது ஆள் கண்ணாடிக்காரரின் அக்கா, பயிற்சியம்மாவுக்கு நாத்தனார். தம்பிக்குக் கண்ணாடிக் கடை இருந்தும், போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று கண்ணாடியே போடாத மனுஷி.

கார் வந்த அன்று, "உனக்குத்தாம்மா" என்று சாவியை மனைவியின் கையில் கொடுத்தார் கண்ணாடிக்காரர். மறுநாள் காலையில், "ஒரு நிமிஷம் கொடு" என்று வாங்கிக்கொண்டார். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை.

முதலில் பெயின்ட் இறுகட்டும் என்றார். பிறகு வெயில் தணியட்டும் என்றார். வெயில் தணிந்ததும் மழை வந்தது. மழை விட்டதும் மரத்தில் பூ உதிர்கிற காலம் என்று கண்டுபிடித்தார். வாழ்நாளெல்லாம் கீறல் விழுந்த கண்ணாடிகளையே கையில் வாங்கிப் பார்த்தவர். சட்டை நுனியால் கண்ணாடி துடைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். அப்படிப்பட்டவரின் கையில் புதுக் கார் கிடைத்தால் என்ன ஆகும்?

சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. துடைத்தால் மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் வட்டமாகவே கீறல் விழுமாம். காக்கை எச்சத்தில் அமிலம் இருக்கிறதாம். அதற்காகக் கடையில் உடைந்த லென்சுகளையெல்லாம் நூலில் கோத்து ஷெட் கூரையில் தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் அவை பளிச்சிட்டு ஆடும். காக்கைகள் எதிர்வீட்டு மதிலில் வரிசையாக உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கும்.

"வண்டி வாங்குறது பெரிசில்லை. பத்து வருஷம் கழிச்சும் இன்னைக்கு வந்த மாதிரி நிக்கணும்" என்பார்.

"நிக்கணும்னுதான் சொல்றான் பாரு. ஓடணும்னு வாய்ல வருதா?" என்பாள் அக்கா.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். ஆனால் போன வாரம் பயிற்சியம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த சங்கதி ஒன்று நடந்ததே. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா ஓர் ஆளைப் போடப் போகிறார். நடைவண்டி, எடைக்கட்டு, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால், சொந்தமாகக் கார் ஓட்டுகிறவருக்குத்தான் அந்த வேலை. பயிற்சியம்மா எத்தனையோ வருஷமாக நினைத்து ஏங்கிய வேலை. ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்களை மட்டும் நடக்க வைத்துவிட்டு, வர முடியாதவர்களை நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறிய நாட்கள் ஏராளம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள், இல்லாவிட்டால் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை இதுதான்.

கண்ணாடிக்காரர் ஒரேயடியாக முடியாது என்று சொல்லவில்லை. அவர் எதையுமே அப்படிச் சொல்கிறவர் இல்லை. சனிக்கிழமை காருக்குப் பூச்சு போட ஆட்கள் வருகிறார்கள், கண்ணாடி மாதிரி ஒரு மேல்பூச்சு, அது காயும்வரை ஒரே ஒரு வாரம் வண்டியைத் தொடக்கூடாது, டாக்டரம்மாவிடம் ஒரு வாரம் தவணை கேளேன் என்றார். கேட்டாள். படுத்திருப்பவர்களிடம் போய் நீங்களே தவணை கேளுங்கள் என்றுவிட்டார் டாக்டரம்மா.

அரைநாள் வேலை முடிந்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, அந்தப் புது வேலை போன மாதிரிதான் என்று மனசைத் தேற்றியபடி வீட்டு வாசலுக்கு வந்தாள். முதுகில் டாங்கும் கையில் குழாயும் முகத்தில் துணிக்கட்டுமாக ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"வேலை முடிஞ்சுதும்மா. இனிமே ஒரு பூச்சி இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காது."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"கார் பக்கம்தான். மூடியே வெச்சிருக்காதீங்கம்மா, வாடை சீட்டுல குடியேறிடும். கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு இன்னைக்கே நல்லா ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துடுங்க."

அவர் பைக்கில் டாங்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பயிற்சியம்மா ஷெட்டை எட்டிப் பார்த்தாள். மூன்று போர்வையும் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. நான்கு கதவும் திறந்திருந்தன. மூட்டைப்பூச்சிக்கே மயக்கம் வருகிற ஒரு நெடி அடித்தது. பக்கத்தில், பெரிய காரியம் முடித்த நிம்மதியோடு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"தம்பி சொன்னான், கூப்பிட்டேன். பூச்சிக்காரங்களுக்குப் போன் போடுக்கா, ஃபிரிட்ஜ் கதவுல நம்பர் இருக்குன்னான். இருந்துச்சு. கரப்பான்பூச்சி படம் வேற போட்டிருந்துச்சு. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?"

"அண்ணி, அவர் சொன்னது பூச்சி இல்லை. பூச்சு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

கடையில் வயசானவர்கள் வந்தால் கண்ணாடிக்காரர், "கீறல் விழாத பூச்சு போட்டுத் தரட்டுமா?" என்று கேட்பார். அந்தப் பழக்கத்தில் காருக்கும் பூச்சு என்றே சொல்லியிருக்கிறார். ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் இரண்டு சீட்டு இருந்தன. பூச்சி என்ற ஒன்றில் சுழி மேலே, பூச்சு என்ற இன்னொன்றில் வால் கீழே. கண்ணாடி போடாத கண்ணுக்கு மேலும் கீழும் ஒன்றுதான். படம் இருக்கிற சீட்டு ஜெயித்துவிட்டது.

விளக்கிச் சொன்னதும் நாத்தனார் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அப்போது வண்டிக்கு ஒன்றுமே பூசவில்லையா என்று கேட்டாள். கரப்பானுக்குத்தான் பூசியிருக்கிறது என்றாள் பயிற்சியம்மா. சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது. நாத்தனாரும் முந்தானைக்குள் குலுங்க ஆரம்பித்தாள்.

சிரித்து முடித்ததும் பயிற்சியம்மாவின் மூளை வேலை செய்தது. உண்மையைச் சொன்னால் அவர் போர்வையைப் போர்த்திவிட்டு, அசல் பூச்சுக்காரருக்கு நாள் குறிப்பார். சொல்லாவிட்டால் ஒரு வாரம் காய வேண்டும் என்பார். எப்படிப் போனாலும் வண்டி வாசல் தாண்டாது. ஆனால் அந்த டாங்க் மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாரே.

"அண்ணி, அந்த ஆள் ஓட்டச் சொன்னாரில்லை, அதை மட்டும் உங்க தம்பிகிட்ட அப்படியே சொல்லுங்க."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை அண்ணி. வந்த ஆள் சொன்னதைத்தான் சொல்லப் போறீங்க."

நாத்தனார் யோசித்தாள். ஓர் எழுத்தால் வந்த வினையை எழுத்தாலேயே கழுவிவிடலாம் என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். தலையாட்டினாள்.

கண்ணாடிக்காரர் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். சாப்பாட்டு மேஜைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஷெட்டுக்குள் நுழைந்து, லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பானெட்டின் மேல் குனிந்தார். மூச்சுப் பட்டுவிடப் போகிறதே என்று மூச்சையும் அடக்கிக்கொண்டார். இடது பக்கம் போனார், வலது பக்கம் வந்தார். மண்டியிட்டுக் கதவின் கீழ்விளிம்பைப் பார்த்தார். 

"இதுதான் வேலை" என்றார் நிமிர்ந்து. "முகம் தெரியுது பாரு. நேத்து இருந்த வண்டியா இது?"

நேற்று இருந்த வண்டியேதான். 

அடுத்து ஆழமாக மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அசல் சரக்கு. வாசனையே சொல்லுது" என்று இருமினார்.

நாத்தனார் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, ஒப்பித்த பாடத்தைச் சொல்கிற பிள்ளை மாதிரி, வந்த ஆள் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்றைக்கே ஒரு சுற்று ஓட்டச் சொன்னார் என்றாள்.

கண்ணாடிக்காரருக்குக் குழப்பம். ஒரு வாரம் தொடக்கூடாது என்றுதான் அவர் எல்லா இடத்திலும் படித்திருந்தார். ஆனால் வேலை தெரிந்தவர் சொன்னால் மறுபேச்சு பேசுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த பவரை மாற்றிக் கேட்கிற வாடிக்கையாளரைக் கடையிலிருந்தே அனுப்பிவிடுகிறவர் அவர். காற்றில்தான் இறுகும் போலிருக்கிறது, புது முறையாக இருக்கும் என்று தானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

"சரி, எடுக்கலாம். நீ ஓட்டு."

பயிற்சியம்மாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. நீங்கள் ஏறவில்லையா என்று கேட்டாள்.

"நானும் உள்ளே உட்கார்ந்துட்டா வெளியே என்ன உரசுதுன்னு யார் பார்க்கிறது? நான் முன்னால நடக்கிறேன்."

சொன்னபடி செய்தார். அந்தத் தெரு இப்படி ஓர் ஊர்வலத்தை அதற்கு முன்பு கண்டதில்லை. முன்னால் கையில் மெத்தென்ற துணியோடு கண்ணாடிக்காரர். பின்னால், நான்கு ஜன்னலும் திறந்து, பூச்சிமருந்து மணக்க மணக்க, ஆமை வேகத்தில் புதுக் கார். உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பயிற்சியம்மா. கண்ணாடிக்காரர் ஒவ்வொரு கூழாங்கல்லையும் செருப்பு நுனியால் ஓரம் தள்ளினார். சைக்கிளில் வந்தவரை நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார். வழியில் படுத்திருந்த நாயிடம் ஏதோ மரியாதையாகப் பேசினார். அது எழுந்து போயிற்று. இஸ்திரிக் கடைக்காரர் கரி அள்ளுவதை நிறுத்திவிட்டு, யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரி இருக்கிற பெரிய சாலைக்கு இன்னும் இரண்டு திருப்பம். டாக்டரம்மா கிளம்பிவிட்டால் எல்லாம் போச்சு. இந்த வேகத்தில் போனால் புது வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓய்வு பெறுகிற வயசு வந்துவிடும்.

தெரு முனையில் ஒரு மரக்கிளை தாழ்ந்து தொங்கியது. கண்ணாடிக்காரர் ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். சட்டை இடுப்பை விட்டு மேலே ஏறிவிட்டது. தலையெல்லாம் சருகு. கண்ணாடி மூக்கில் சரிந்து தொங்கியது. தள்ளிவிடக் கை இல்லை.

"வா, மெதுவா வா, பயப்படாத" என்றார். அது மனைவிக்கா, காருக்கா என்று தெரியவில்லை. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

பயிற்சியம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. கிளையைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்தாள்.

"என்னங்க, கிட்ட வாங்க. வந்தது பூச்சுக்காரர் இல்லை. பூச்சிக்காரர். அண்ணி நம்பர் மாத்திக் கூப்பிட்டுட்டாங்க. வண்டிக்கு அடிச்சது கரப்பான் மருந்து."

அவர் கிளையை விட்டார். அது ஆடி ஆடி நின்றது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலயே."

"அப்ப நான் பார்த்த பளபளப்பு?"

"அது கம்பெனியிலேர்ந்து வரும்போதே இருந்ததுங்க."

கண்ணாடிக்காரர் பானெட்டைப் பார்த்தார். ஒன்றுமே பூசவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். வெறும் வண்டியா என்று கேட்டார். வெறும் வண்டிதான் என்றாள். வெறும் வண்டியை நடுத்தெருவில் புழுதியில் நிறுத்தியிருக்கிறோமே என்று அவர் முகம் வெளுத்தது. திருப்பு, வீட்டுக்குப் போகலாம் என்றார். குரலில் கோபத்தைவிட, ஏமாந்துபோன வலிதான் அதிகம். அது அவளுக்கும் சுருக்கென்று தைத்தது.

ஆனாலும் அவள் திருப்பவில்லை.

"மறைச்சது என் தப்புதான். வீட்டுக்குப் போய் எவ்வளவு வேணாலும் திட்டுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். உடம்பு நோகக் கூடாதுன்னு படுத்தே கிடக்கிறவங்களை நான் தினமும் பார்க்கிறேன். வெயில் படாத தோல், குழந்தை மாதிரி மினுமினுன்னு இருக்கும். கால் மட்டும் வராது. உங்க வண்டியும் பத்து வருஷம் கழிச்சு அப்படித்தான் இருக்கணுமா?"

அவர் பானெட்டில் விழுந்திருந்த ஒரு சருகைத் துணியால் தட்டிவிட்டார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க ஏறினாலும் சரி, இங்கயே நின்னாலும் சரி."

 கல்யாணமான நாளிலிருந்து அவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு அவள் எங்கேயும் போனதில்லை.

கண்ணாடிக்காரர் தலையிலிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினார். சீட்டில் இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை படபடவென்று சத்தம் போட்டது.

"கதவை ஓங்கிச் சாத்தினா ரப்பர் தேயும்" என்று முணுமுணுத்தபடி மெதுவாகச் சாத்தினார்.

பயிற்சியம்மா இரண்டாவது கியர் போட்டாள். பெரிய சாலையில் ஏறி மூன்றாவதும் போட்டாள். லாரி ஒன்று பக்கத்தில் போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மணல் வண்டி போனபோது முணுமுணுவென்று எதையோ சொன்னார். சாமியைக் கூப்பிட்டாரோ, கம்பெனியைக் கூப்பிட்டாரோ.

ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது மாடியில் டாக்டரம்மாவின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பயிற்சியம்மா வண்டியை ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினாள்.

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார். ஜன்னல் வழியே கீழே பார்த்தார். கண்ணாடிக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில், துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் வெச்சிருக்கீங்களா?" டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது. "நீங்களே ஓட்டணும்னு சொன்னேனே. டிரைவர் லீவு போட்டா என் நோயாளி என்ன செய்வார்?"

"டிரைவர் இல்லை டாக்டர். என் வீட்டுக்காரர்."

"பார்த்தா டிரைவர் மாதிரிதான் இருக்கு. வாங்க, அவரையே கேட்கலாம்."

பயிற்சியம்மா மனசுக்குள் கணக்குப் போட்டபடியே படி இறங்கினாள். மனுஷனுக்கு மனசு கசந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஆமாம், நான்தான் ஓட்டி வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார் ஷெட்டுக்குப் போய்விடும், போர்வை ஏறிவிடும், திங்கட்கிழமை அசல் பூச்சுக்காரர் வந்துவிடுவார். அவருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

டாக்டரம்மா நேராகவே கேட்டார். "வண்டியை ஓட்டுறது யாருங்க? நீங்களா, இவங்களா?"

கண்ணாடிக்காரர் துடைப்பதை நிறுத்தினார். காரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் துடைக்கிறவன்மா" என்றார். "ஓட்டுறது அவங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்படியானால் என்னை வீட்டில் இறக்கிவிடுங்கள், அதுதான் பரீட்சை என்று முன் கதவைத் திறந்தார். அவர் பையில் கொக்கி கொக்கியாக இரும்பு தொங்கியது. செருப்பில் தோட்டத்து ஈரமண். கண்ணாடிக்காரர் இரண்டையும் பார்த்தார். வாய் திறந்தது, திறந்த வாயை மூடிக்கொண்டு, கதவை அவரே சாத்திவிட்டார். மெதுவாகத்தான். நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன், நீ போய் வா என்றார்.

கேட்டைத் தாண்டியதும் பயிற்சியம்மாவுக்குத் தோள் இறங்கியது. டாக்டரம்மா சீட்டின் பிளாஸ்டிக் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, திங்கட்கிழமை எந்த வீட்டிலிருந்து ஆரம்பிப்பது என்று பேச ஆரம்பித்தார். முதல் வீட்டில் ஒரு தச்சர் படுத்திருக்கிறாராம். மனசு விட்டுப்போனவராம். சொல்லச் சொல்ல, பயிற்சியம்மாவின் கைகள் அந்தத் தச்சரின் முழங்காலை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டன.

இன்னும் ஒன்று என்று டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். "வண்டியில என்ன வாடை?"

"புதுசு டாக்டர்" என்றாள்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தால் மறுமுனையில் கத்துவது அக்காதான். அடுத்த நொடி அவர் ஓட ஆரம்பித்தார். காரை நோக்கித்தான். கையை வீசிக்கொண்டு, சாலையில் நடப்பவர்களை இடித்துக்கொண்டு.

"உங்க வீட்டுக்காரர் ஓடி வர்றார் போலிருக்கே" என்றார் டாக்டரம்மா திரும்பிப் பார்த்து.

"வண்டி மேல இலை ஏதாவது விழுந்திருக்கும் டாக்டர்."

சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் காரைப் பார்த்துக் கையைக் காட்டவில்லை. வீடு இருக்கிற திசையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விளக்கு பச்சையாயிற்று. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன.

பயிற்சியம்மா கியரைப் போட்டாள். வீட்டில் என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.